கலத்தில் விளைந்த கசகசா

கோட்டின் மேற்பையில், பிறர் பேனா செருகும் இடத்தில், தேநீர் வடிகட்டியைச் செருகி வைத்திருப்பவர் இக்னாத் வெல்செவ். உணவு விடுதிகளின் வடிகட்டிகளை அவர் நம்புவதில்லை. லிண்டன் பூத் தேநீரை எங்குக் குடித்தாலும் தம் வடிகட்டியில் வடித்தே குடிப்பார். முன்னாளில் நீதிமன்ற எழுத்தர். இந்நாளில், மரித்சா ஆற்றங்கரைத் தொழில் நகரம் ஒன்றில், வாயிலில் பெயர்ப்பலகையும் மாட்டாத துப்பறிவாளர். ஆப்பிளின் தோலை இடையில் அறாமல் ஒரே சுருளாகச் சீவுவார். அதனைப் பாராட்ட வீட்டில் ஒருவரும் இல்லாமையால், தாமே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுக் குப்பையில் இடுவார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. டிசம்பர் இருபதாம் நாள் இக்னாத் என்னும் புனிதரின் திருநாள். ஆகவே அது அவருடைய பெயர்நாள். பிறந்தநாளுக்குத்தான் அழைப்பு வேண்டும். பெயர்நாளுக்கு அழைப்பில்லை, அன்று கதவைத் திறந்து வைப்பதே அழைப்பு. பேரனைப் பார்த்துக்கொள்ளக் கனடாவுக்குச் சென்ற மனைவி அங்கேயே தங்கிவிட்ட ஆண்டில், இக்னாத் தாமே அவரைக்கொட்டைச் சூப்பு சமைத்து, பூசணிச் சுருள் சுட்டு, நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பனிக்காற்று வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. வேறு எவரும் வரவில்லை. மறு ஆண்டு முதல், அந்நாளில் விளக்கை அணைத்துக் கதவைத் தாழிட்டு, வானொலியைத் தாழ வைத்துக்கொண்டு சமையலறையில் அமர்ந்திருப்பது வழக்கமாயிற்று.

அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவர் தம் உதவியாளர் தோன்கா ஓட்டிய பழைய லாடா காரில், ஊர்க்கோடியில் இருந்த பிளாஸ்டிக் மணி ஆலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். தோன்கா முன்பு பேருந்து நடத்துநராக இருந்தவள். பயணச்சீட்டு எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் கற்றாளில்லை.

"தலைவரே, போலீஸ் சொல்ற கதையை ஒருதடவை ஓட்டிப் பாக்கலாமா?"

"முதல்ல வண்டியை ஒழுங்கா ஓட்டு. கதை தானா ஓடும்."

"நிகோலா திருநாள் அன்னைக்கு சாயங்காலம். ஊருல பாதிப் பேருக்கு நிகோலான்னு பேரு. அந்தப் பாதி விருந்து வெக்குது, மீதிப் பாதி போய்த் திங்குது. ஆலையில ஒரே ஒரு டாங்க் ஓடுது. அதைப் பாத்துக்கிறவன் சாப்ரியன். திடீர்னு கிடங்கு பத்திக்குது. பூட்டு உடையல, சாவி போட்டுத்தான் திறந்திருக்கு. சாவி ரெண்டு. ஒண்ணு அங்கயே குடியிருக்கிற காவல்காரர் நிகோலாகிட்ட. இன்னொண்ணு சாப்ரியன்கிட்ட, ஏன்னா அவனுக்கு வேண்டிய கோந்துத்தூள் அங்கதான் இருக்கு."

"காவல்காரர் கதவைத் திறந்திருக்கக் கூடாதா?"

"இருட்டினா பூட்டிட்டு உள்ள போறவராம். இத்தனை வருஷத்துல ஒருநாள் மாறினதில்லையாம். இப்போ கேக்கவும் முடியாது. புகையைக் குடிச்சு ஆஸ்பத்திரில மயக்கத்துல கிடக்காரு. அவரை வெளிய இழுத்துப் போட்டதே சாப்ரியன்தான். அதுக்குப் போலீஸ் சொல்றதைக் கேளுங்க: 'வெச்சவனுக்குத்தானே முதல்ல தெரியும்!' முந்தின நாள் மேனேஜரோட சண்டை வேற. அவனோட தொப்பியும் கிடங்குக்குள்ள இருந்திருக்கு. கதவோரத்து ஆணில தொங்கிட்டு."

"ஆணியிலயா?"

"ஆமா. அந்த மூலை மட்டும் எரியல."

"சட்டைப்பையில?"

"சீப்பு, சிகரெட், ஒரு மீன் எலும்பு. பல்லு குத்த வெச்சிருந்தான் போல. அன்னைக்கு நாடே கெண்டை மீன் திங்குதே."

"சாப்ரியன் என்ன சொல்றான்?"

"'டாங்கை விட்டு நகரவே இல்ல, நெருப்பைப் பாத்துட்டுத்தான் ஓடினேன்.' அதுக்கு மேல வாயைத் திறக்கல. தொப்பியைப் பத்திக் கேட்டா தரையைப் பாக்கறான். நாளைக்குக் காலைல நீதிபதி முன்னால நிறுத்தறாங்க. நாம வெறுங்கையோட போனா, அவன் பல வருஷம் உள்ளதான். நம்மகிட்ட வந்து அவன் அக்கா அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு."

இக்னாத் தொப்பி தொங்கிய ஆணியையே எண்ணிக்கொண்டிருந்தார்.

*

நீரை மென்மையாக்கும் கருவிகளுக்குள் இடப்படும் பிளாஸ்டிக் மணிகளைச் செய்வது அந்த ஆலை. பொறியாளர் தாஷெவ் அவர்களைக் கலக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். ஆளுயரத்திற்கு மேலான எஃகுக் கலம். நடுவில் துடுப்புகள் கொண்ட கலக்கி. பக்கத்தில் ஒற்றை முக்காலி. முக்காலிக்கு எதிரே ஒரு சிறு சாளரம்; அதன் வழியே கரிந்த கிடங்கின் வாயில் நேராகத் தெரிந்தது.

"தண்ணியும் எண்ணெய் மாதிரி ஒரு திரவமும் உள்ள போகும். ரெண்டும் சேராது. கலக்கி அடிக்கிற அடியில எண்ணெய் துளித்துளியா உடையும். சூட்டுல ஒவ்வொரு துளியும் இறுகி ஒரு மணியாகும்" என்றார் தாஷெவ்.

"நான் மயோனைஸ் செய்யற மாதிரி. எங்கம்மா ஒரே பக்கமாக் கிண்டணும்பாங்க" என்றாள் தோன்கா.

"எந்தப் பக்கம் கிண்டினாலும் ஒண்ணுதான்."

"அப்போ இத்தனை வருஷம் என் வலது கை வீணா வலிச்சிருக்கு."

இக்னாத் குறுக்கிட்டார். "பக்கத்துல ஆள் எதுக்கு? கலக்கி தானாத்தானே சுத்துது?"

"நடுவுல ஒரு கண்டம் இருக்கு ஐயா. துளி பாதி இறுகி, பாகு மாதிரி பிசுபிசுன்னு இருக்கும். அப்போ ஒண்ணை ஒண்ணு தொட்டா ஒட்டிக்கும். அந்த நேரத்துக்குள்ள இன்னொரு பங்கு கோந்துத்தூளை வெந்நீர்ல கரைச்சு ஊத்தணும். கோந்து துளியைச் சுத்திப் படிஞ்சு ஒட்ட விடாம தடுக்கும். சூடு ஏறாம குழாயையும் திருகணும். ஆள் இல்லேன்னா மணி கிடைக்காது. டாங்க் நிறைய ஒரே கட்டிதான்."

"புரியுது. நெரிசல் பஸ்" என்றாள் தோன்கா. "கண்டக்டர் கத்தினா கூட்டம் பிரியும். ஆளாளுக்குத் தடிச்ச கோட்டு போட்டிருந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் ஒட்டமாட்டாங்க. கண்டக்டர்தான் கலக்கி, கோட்டுதான் கோந்து. சரி, அன்னைக்கு மணி வந்துதா, கட்டி வந்துதா?"

"மணிதான். அவன் நெருப்புக்கு ஓடினது இறுகி முடிஞ்ச பிறகு. அதனால பழுதில்ல."

தோன்கா கைதட்டினாள். "முடிஞ்சது தலைவரே! கண்டம் தாண்டி மணி வந்திருக்கு. அப்போ அவன் இங்கயேதான் இருந்திருக்கான். மணியே சாட்சி! நாளைக்கு ஒரு கைப்பிடி அள்ளி நீதிபதி மேசைல கொட்டிட்டு வந்துடலாம்."

தாஷெவும் முகம் மலர்ந்தார். இக்னாத் மட்டும், "முந்தின வாரத்து மணியும் கொஞ்சம் கொடுங்க" என்றார்.

இரு தட்டுகள் வந்தன. அவர் மேற்பையிலிருந்து வடிகட்டியை எடுத்தார். முந்தின வாரத்து மணிகளை அதில் இட்டுக் குலுக்கினார். கடுகு கடுகாய் உருண்டனவேயன்றி ஒன்றேனும் கீழே விழவில்லை. பின்னர்த் திருநாளன்று விளைந்த மணிகளை இட்டார். மழை பெய்தாற்போல் அத்தனையும் கீழே கொட்டின.

"கசகசா" என்றாள் தோன்கா. அவள் குரலில் உற்சாகம் குன்றியிருந்தது.

"சாப்ரியன் கையில மணி எப்பவும் கடுகுதானா?" என்று வினவினார் இக்னாத்.

"எப்பவும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கறவங்க இருக்காங்க" என்றார் தாஷெவ், தட்டைக் கூர்ந்து நோக்கியவாறு. "நான் இதைப் பாக்கல. தீ விபத்துல யாரு மணியைப் பாத்தா?"

"துளி பொடியானது எதனால? கலக்கி வேகமா சுத்தியிருக்குமா?"

"முடியாது. பல்சக்கரம் வெச்ச மோட்டார். ஒரே வேகம்தான்."

"துடுப்பை மாத்தினீங்களா?"

"அதே துடுப்பு. முனை உடைஞ்சது கூட அப்படியே இருக்கு."

"எண்ணெய் குறைஞ்சிருந்தா? பஸ்ல கூட்டம் கம்மின்னா மோதி ஒட்டறதும் கம்மி இல்லையா?" என்றாள் தோன்கா.

தாஷெவ் அவளை மதிப்போடு பார்த்தார். "நல்ல கேள்வி. ஆனா எண்ணெய் அளந்த தொட்டியிலேர்ந்து வருது. நானே திறந்து விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். சூடும் சரிதான். கோந்து கூடியிருக்கவும் வழியில்ல. பொட்டலமாக் கட்டி வருது. வெறும் உறை மேசைலயே கிடந்தது."

"வேகம் அதே, துடுப்பு அதே, எண்ணெய் அதே, கோந்தும் அதே" என்றார் இக்னாத். "அடிக்கிற கை மாறல. அப்போ அடி வாங்கற துளிதான் மாறியிருக்கு. துளியோட தோல் இளகியிருக்கு. அதே அடிக்கு இன்னும் பொடியா உடைஞ்சிருக்கு."

பின்னர் அவர், வடித்த நீர் தேங்கும் பீப்பாய்களைக் காட்டச் சொன்னார். திருநாளன்று வடித்த நீரை ஒரு புட்டியிலும், முந்தின வாரத்து நீரை வேறொரு புட்டியிலும் பாதியளவு நிரப்பி, இரண்டையும் தோன்காவிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னார். முந்தின வாரத்து நீரில் எழுந்த நுரை உடனே சரிந்தது. மற்றதில் எழுந்த நுரை, பண்டிகைக்குத் தொப்பி அணிந்தாற்போலப் புட்டியின் கழுத்தில் நின்றுவிட்டது.

"சோப்பு!" என்றார் தாஷெவ். "நடக்கவே நடக்காது ஐயா. சாப்ரியன் சோப்பால கைகூடக் கழுவமாட்டான். சாம்பல் போட்டுத் தேய்ப்பான். சோப்புப் பட்ட பாத்திரம் இந்த வாசலைத் தாண்டினா கொண்டு வந்தவனோட சேத்து வெளிய எறிவான்."

"துளியோட தோலை இளக்கினது அந்தச் சோப்புதான்" என்றார் இக்னாத். "கோந்தைக் கரைச்ச வெந்நீர் சோப்பு வாளில வந்திருக்கு. சாப்ரியன் அப்படிச் செய்யமாட்டான். அப்போ கண்டம் வந்த நேரத்துல இந்த முக்காலில உக்காந்திருந்தது சாப்ரியன் இல்ல."

அவனைக் காக்க வந்தவரே அவனுடைய ஒரே சாட்சியை வடிகட்டிக் கீழே கொட்டிவிட்டார்.

"தலைவரே" என்றாள் தோன்கா மெல்ல, "அந்த வடிகட்டியை வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கலாம்."

*

ஆலையில் வெந்நீரும் சோப்பும் ஒருங்கே இருக்கும் இடம் சமையற்கூடம் ஒன்றே. மிங்கா என்னும் சமையற்காரி அவரைச் சூப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், மூச்சு விடுகையில் நெஞ்சில் மெல்லிய சீழ்க்கை கேட்டது.

"இது டாங்க்ல நின்ன நெஞ்சு. நீங்க முன்னாடி அங்க வேலை பாத்தவங்க, இல்லையா?" என்றார் இக்னாத்.

"அது அந்தக் காலம். நெஞ்சு கெட்டுப்போச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு, அந்தக் கூடத்துல கால் வெச்சா வேலையே போயிடும்னு. சூப்பு சாப்பிடறீங்களா?"

"அந்த வாளியைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

அவள் கையில் இருந்த அகப்பை நின்றது. "எந்த வாளி?"

"திருநாள் அன்னைக்கு மீன் வெந்த தட்டை ஊற வெச்ச வாளி."

"ஐயா, வாளியைப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஊருல வாளியே இல்லையா?"

"அம்மா" என்றாள் தோன்கா, அவள் அருகே சென்று, "இவருக்கு வெக்கமே கிடையாது. வாளியைப் பாக்காம போகமாட்டாரு. சொல்லிட்டா சூப்பாவது ஆறாம இருக்கும்."

மிங்கா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை உலர்ந்த பின்னும் நிறுத்தவில்லை.

"ரெண்டு தடவை அலசினேன்" என்றாள் முடிவில். "சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சேன். அங்க வெந்நீர் காயல. நேரமாகுதுன்னு இங்கேர்ந்து தூக்கிட்டு ஓடினேன். மணி கெட்டுப்போச்சா?"

"கெடல. பொடியாயிடுச்சு. சாப்ரியன் எங்க போனான்?"

"அதைக் கேக்காதீங்க. வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா நெருப்புக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டான்யா. என்னை எழுந்திருக்கச் சொல்லிட்டு முக்காலில உக்காந்தான். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருந்தோம். அப்புறம்தான் ஜன்னல் சிவந்தது. இதை எந்தக் கோயில்ல வேணும்னாலும் சொல்லுவேன். அவன்தான் விடமாட்டேங்கறான். 'உனக்கு வேலை போயிடும், வாயை மூடு'ங்கறான்."

"சரி, அதை விடுங்க. அன்னைக்குச் சமையல் என்ன?"

"அவரைச் சூப்பு. எப்பவும் இதுதான்."

"அப்புறம் மீன் தட்டு?"

"அது... நிகோலா அண்ணன் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. வால்நட்டும் அரிசியும் அடைச்சு அடுப்புல வெச்சுத் தரச் சொன்னாரு. பெரிய கெண்டை. 'யாராவது வருவாங்கம்மா'ன்னாரு."

"ஒரு மீன்தானா?"

"ஒண்ணே ஒண்ணு."

இக்னாத் வணங்கிவிட்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறியதும், "சிறைக்குப் போ" என்றார்.

*

சாப்ரியன் அகன்ற தோள்களும் தாழ்ந்த தலையுமாக மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தான். கைகளில் தீப்புண் கட்டு.

"சட்டைப்பையில வெச்சிருந்த எலும்பு சிலுவை மாதிரி இருக்குமா?" என்று தொடங்கினார் இக்னாத்.

அவன் நிமிர்ந்தான். தோன்கா வாயைப் பிளந்தாள். அந்த எலும்பை அறியாதார் அந்நாட்டில் இல்லை. கெண்டையின் தலைக்குள் சிலுவை வடிவில் இருப்பது அது. விருந்து வைத்தவர் தாம் விரும்பிய விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பது.

"ஒரு மீனுக்கு ஒரு தலை. ஒரு தலைக்கு ஒரு எலும்பு" என்றார் இக்னாத். "அன்னைக்கு ஆலையில வெந்தது ஒரே மீன். அது நிகோலாவோட மேசைக்குப் போச்சு. தீ வைக்க வந்தவன் தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டமாட்டான். தீயில ஓடினவனும் மாட்டமாட்டான். விருந்துக்கு வந்தவன்தான் மாட்டுவான். மணி பொடியா வந்ததை நாங்களும் தாஷெவும் பாத்துட்டோம், முக்காலில மிங்கா இருந்ததும் தெரியும். கதவை நீ திறக்கல சாப்ரியன். அது சாயங்காலத்துலேர்ந்தே திறந்துதான் இருந்தது. பெயர்நாள் அன்னைக்கு எவன் பூட்டுவான்?"



"முக்காலியிலேர்ந்து பாத்தா அவரு வாசல் நேராத் தெரியும்" என்றான் சாப்ரியன். "மேசையைக் கதவுக்கு நேராப் போட்டு, வெள்ளை விரிப்பு விரிச்சு, மெழுகுவத்தி ஏத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. புதுச் சட்டை. எழுந்து வந்து ரோட்டைப் பாப்பாரு, மறுபடி உக்காருவாரு. மீனைத் தொடவே இல்ல. எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருக்கிறது? மிங்கா சூப்பு கொண்டு வந்தா. 'கொஞ்சம் பாத்துக்கோ'ன்னுட்டுப் போனேன். ஒரு கிளாஸ் ரக்கியா சாராயம் குடிச்சோம். அவரு அழுதாரு. எலும்பைக் குடுத்தாரு. 'கதவைச் சாத்திட்டுப் படுங்கண்ணே'ன்னேன். 'இன்னும் யாராவது வந்தா?'ன்னாரு."

"காத்து அடிச்சது. விரிப்பு மெழுகுவத்தில பட்டது."

"அப்படித்தான் இருக்கும். அவரு உக்காந்தபடியே தூங்கியிருப்பாரு."

"இதைப் போலீஸ்கிட்ட சொல்லித் தொலைச்சா என்னய்யா?" என்று வெடித்தாள் தோன்கா.

"சொன்னா? மிங்காவுக்கு வேலை போகும். அவரு மெழுகுவத்தியால கிடங்கு போச்சுன்னு அவரைத் தொரத்துவாங்க. அவருக்கு அந்த அறையை விட்டா வேற என்ன இருக்கு? இந்தக் குளிர்ல எங்க போவாரு?" அவன் இக்னாத்தின் பக்கம் குனிந்தான். "மணி நல்லா வந்திருக்கில்ல? நான் இல்லாம மணி வராதுன்னு பொறியாளரே சொல்லுவாரு. அதை வெச்சே என்னை வெளிய எடுங்க. பொடியா இருக்கிறது உங்க மூணு பேருக்குத்தானே தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சது அரசு வக்கீலுக்கும் தெரிய ஒரு வடிகட்டி போதும். அன்னைக்கு நீ மறுபடி உள்ள போவ. உன்னை விட்டாலும், கிடங்கைக் கொளுத்தினது யாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வாளியோட ஓடினவ அடுத்து மாட்டுவா."

சாப்ரியன் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். "துளி இளகியிருக்கிற நேரத்துல ஒட்டாம பாத்துக்கணும், அதான் எங்க வேலை" என்றான், யாரிடமோ சொல்வது போல. "இறுகிட்டா அப்புறம் நாமளே சேத்து வெச்சாலும் ஒட்டாது. தனித்தனியா உருண்டு போயிடும். நிகோலா அண்ணன் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது."

இக்னாத் எழுந்தார். வடிகட்டியைப் பையில் நேராக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

*

சிறைவாயிலில் பனி விழத் தொடங்கியிருந்தது. தோன்கா வண்டிக்குள் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யப்போறோம் தலைவரே? பொய் சொன்னா ஒருத்தன் தப்பிப்பான், கொஞ்ச நாளைக்கு. உண்மையைச் சொன்னா ரெண்டு பேரு நடுத்தெருவுல. எனக்கு மூளை மயோனைஸ் மாதிரி திரிஞ்சுபோச்சு."

"மிங்காவைக் காலைல கூட்டிட்டு வா. நீதிபதி முன்னால நெருப்புக்கு முன்னாடி அவன் திரும்பி வந்ததைச் சொல்லட்டும். ஒரு முழு டாங்கைக் கட்டியாகாம காப்பாத்தினவளை எதுக்கு வேலையை விட்டு எடுக்கறீங்கன்னு தாஷெவ் மேனேஜரைக் கேக்கட்டும். கேக்கறேன்னு என்கிட்ட சொல்லல. ஆனா அவர் முகத்தைப் பாத்தேன், கேப்பாரு."

"நிகோலா அண்ணன்? மெழுகுவத்திக்கு என்ன தண்டனை?"

"அபராதம் போடுவாங்க. அறை போயிடும்."

"அதான் கேக்கறேன். எங்க போவாரு?"

இக்னாத் தொப்பியைக் கழற்றி, அதன்மீது விழுந்திருந்த பனியைத் தட்டினார். உடனே அணிந்துகொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என் வீட்டுல பின்னறை சும்மாத்தான் கிடக்கு" என்றார். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் அங்க இருக்கட்டும். இருபதாம் தேதி நான் கதவைத் தாழ்போடப் போறதில்ல."